மணல் சென்ற திசை: சென்னைக் கடற்கரையின் மாற்ற வரலாறு

சென்னைத் துறைமுகத்தை நடுவாக வைத்துக் கடற்கரையைத் தெற்கும் வடக்குமாக நோக்குவோர் இருவேறு காட்சிகளைக் காண்பர். தெற்கே திருவல்லிக்கேணியைத் தழுவி அகன்று விரிந்து கிடக்கும் மணற்பரப்பு. வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை கரையோரத்தில் கொட்டப்பட்டுள்ள கருங்கற்குவியல். தெற்கே மக்கள் மாலைக் காற்று வாங்க வருகின்றனர். வடக்கே மக்கள் தம் வீடு நிலைக்குமா என்று கடலைப் பார்த்திருக்கின்றனர். நகரமும் ஒன்று, கடலும் ஒன்று. கரை மட்டும் இரண்டாயிற்று. இவ்வேறுபாட்டை இயற்கையின் செயலென்றே பலரும் கருதுகின்றனர். ஆயினும் இதன் பெரும்பகுதி 1875ஆம் ஆண்டு நாட்டப்பட்ட ஓர் அடிக்கல்லிலிருந்து பிறந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.

பழந்தமிழர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தபோது கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றன. நெய்தற் பாக்களில் கானல் வேறு, கழி வேறு, உப்பு விளையும் அளம் வேறு, அலை வந்து அடையும் அடைகரை வேறு. ஒவ்வொன்றும் தனித்தனி இயல்புடைய நிலம்; ஒவ்வொன்றிற்கும் தனித்தனி வாழ்க்கை. பின்னாளைய நில ஆவணங்களிலோ இவற்றுட் பெரும்பாலானவை 'புறம்போக்கு' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயின. தீர்வை விதிக்கப்படாத நிலம் என்னும் பொருளில் வழங்கிய அச்சொல், நாளடைவில் பயனற்றது என்னும் பொருளையும், பின்னர் மனிதரை இகழும் வசைப்பொருளையும் ஏற்றது. சென்னைக் கடற்கரையின் வரலாறு ஒருவகையில் இச்சொல் தாழ்ந்த வரலாறும் ஆகும்.

துறைமுகம் இல்லாத பட்டினம்

1639ஆம் ஆண்டு ஆங்கிலேய வணிகர் நிலம் பெற்றுக் குடியேறியபோது சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இருந்ததில்லை. வளைகுடாவோ, மறைவான நீர்ப்பரப்போ இல்லாத திறந்த கரை அது. கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களுமே. மசூலாப் படகில் ஆணி இராது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து இணைத்திருப்பர். அலை மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்கும், உடையா. மேனாட்டுக் கப்பல்களின் படகுகள் நுழைய அஞ்சிய அலைகளை இப்படகுகள் நாள்தோறும் கடந்தன. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற் குடிபுகுந்ததும் இக்கரைகளின் தொடர்பினாலேயே. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசின் வாணிகம் மீனவர் கைத்திறனையும் கடலறிவையும் நம்பி நடந்தது.

கடல் அரிப்பு துறைமுகத்தோடுதான் தொடங்கிற்று என்று கூறுவதும் பொருந்தாது. கோட்டைக்கு வடக்கே இருந்த கருப்பர் நகரின் கரையைக் கடல் முன்பே அரித்துவந்தது. புனித ஆண்ட்ரூ தேவாலயத்தைக் கட்டிய டி ஹாவிலேண்ட் என்னும் பொறியாளர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பகுதிக்குக் கல்லரண் எழுப்பினார். அரிப்பு இருந்த கரையில் அதனைப் பன்மடங்காக்கும் கட்டுமானம் பின்னர் வந்தது என்பதே சரியான கூற்று.

வாணிகம் பெருகியது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை தொடங்கியது. உள்நாட்டுச் சரக்கு இரயிலில் வந்து குவிந்தபோது, அதனைப் படகில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்புவது வணிகருக்குத் தாமதமாகப்பட்டது. 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புத்தூண் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் அதனைச் சிதைத்தன. அதன்பின்னரே அலைத்தடுப்புச் சுவர்களால் கடலில் ஒரு நீர்ப்பரப்பை வளைத்துச் செயற்கைத் துறைமுகம் அமைக்க முடிவு செய்யப்பட்டது. வில்லியம் பார்க்ஸ் திட்டம் வகுத்தார். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் சுவர்களை உடைத்தெறிந்தது. ஆயினும் பணி கைவிடப்படவில்லை; சுவர்கள் மீண்டும் எழுந்தன.

மெரீனா வளர்ந்த வகை

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் தென்புறத்திலிருந்து சாய்வாக வந்து கரையை மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சாய்வாக மேலேற்றி, நேராகக் கீழிறக்கும். அவ்வாறு மணல் அடியடியாக வடக்கு நோக்கிப் பெயரும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது இவ்வோட்டம் திசை மாறித் தெற்கே திரும்பும். ஆயினும் ஆண்டு முழுமையும் கணக்கிட்டுப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இவ்வாறு கரை நெடுகப் பயணம் செய்கின்றது. கரை என்பது உண்மையில் மெதுவாக ஓடும் ஒரு மணலாறு. அந்த ஆற்றின் குறுக்கே அணைபோல் நின்றது துறைமுகச் சுவர்.

அணைக்கு மேற்புறம் நீர் தேங்குவதுபோல் துறைமுகத்தின் தென்புறத்தில் மணல் தேங்கிற்று. முன்னர்க் கடல் நெருங்கிவந்த இடங்களில் ஆண்டுக்காண்டு கரை அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் அங்கு ஓர் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவில் தாம் கண்ட கடற்கரையின் நினைவாக அதற்கு மெரீனா எனப் பெயரிட்டார்.

அம்மணற்பரப்பு தமிழ்நாட்டுப் பொதுவாழ்வின் மன்றமாயிற்று. பாரதியார் திருவல்லிக்கேணிக் கடற்கரைக் கூட்டங்களில் முழங்கினார். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில், மீனவர் குடியில் பிறந்த ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். இந்தியாவில் நடந்த முதல் மே நாள் விழா அதுவே. 1959இல் இராய் சௌத்ரியின் கைவண்ணத்தில் உழைப்பாளர் சிலை எழுந்தது. 1968இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் முதலியோரின் சிலைகள் கடற்கரைச் சாலையில் நிறுவப்பட்டன. புலவர்கள் நோக்கி நிற்கும் அந்தப் பரப்பின் பெரும்பகுதி, துறைமுகம் தடுத்து நிறுத்திய மணல்.

துறைமுகத்தையும் அம்மணல் அச்சுறுத்தியது. கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேர்ந்தது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாயில் வடகிழக்குப் புறத்துக்கு மாற்றப்பட்டுத் துறைமுகம் காப்பாற்றப்பட்டது. கணித மேதை இராமானுசன் 1912இல் எழுத்தராகப் பணியேற்றது இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான். துறைமுகம் தூர்ந்துவிடாமற் காப்பதே அக்காலப் பொறியியலின் முதற்கவலையாக இருந்தது. தென்புறத்தில் நின்றுவிட்ட மணல் யாருக்குச் சேரவேண்டியது என்னும் வினா துறைமுகக் கணக்கில் இடம்பெறவில்லை.

வடகரை இழந்தவை

அம்மணல் வடகரைக்குச் சேரவேண்டியது. அலைகள் வழக்கம்போல் இராயபுரத்துக்கு வடக்கேயிருந்த மணலை வாரிச் சென்றன. தெற்கிலிருந்து அதனை ஈடுசெய்ய வரவேண்டிய மணலோ வரவில்லை. கரை பின்வாங்கியது. கட்டுமரம் ஏற்றிவைக்கவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் இருந்த மணல்வெளி முதலில் மறைந்தது. பின்னர்த் தெருக்கள் மறைந்தன. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் சில இடங்களில் பல நூறு மீட்டர் நிலத்தைக் கடல் கொண்டது.

இது பெயரில்லாத நிலமன்று. தேவாரம் பாடிய மூவரும் போற்றிய திருவொற்றியூர் இக்கரையில் உள்ளது. பட்டினத்தடிகள் சமாதி கொண்ட இடமும் இங்கேதான். இராமலிங்க அடிகள் அடிக்கடி நடந்து வந்து வழிபட்ட தலமும் இதுவே. கடல்கொள்ளுதல் என்பதைத் தமிழர் கபாடபுரத்தோடு சேர்த்துத் தொல்பழங்கதையாகக் கருதிப் பழகியவர். சென்னையின் வடகரையில் அது தலைமுறைதோறும் நேரில் நிகழ்ந்துவந்தது. அதற்கு இரங்கற்பா எழுந்தது குறைவு.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் சாலையைக் காத்தது, மணலைக் கொண்டுவரவில்லை. கல்லில் மோதிய அலை அடியிலுள்ள மணலை மேலும் தோண்டியது. கல்லரண் முடியும் இடத்துக்கு அப்பால் அரிப்பு புதிதாகத் தொடங்கியது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் அமைந்தபோது விசைப்படகுகளுக்கு நல்லிடம் கிடைத்தது. ஆனால் அதன் சுவரும் மணலை மறித்தது. அரிப்பு மேலும் வடக்கே தள்ளப்பட்டது. பின்னர் 'தூண்டில் வளைவு' என மீனவர் வழங்கும் குறுக்குச் சுவர்கள் ஆங்காங்கே கட்டப்பட்டன. அவற்றுக்கிடையே சிறிது மணல் தங்கியது. அவற்றுக்கு வடக்கே இழப்பு தொடர்ந்தது. ஓர் ஊரைக் காக்கும் சுவர் அடுத்த ஊரின் கரையைப் பறித்தது. இதனாலேயே இக்கரையில் ஒவ்வோர் ஊரும் தனக்கொரு தூண்டில் வளைவு கேட்கும் நிலை வந்தது.

துறைமுகத்தால் பயன் விளையவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. நகரின் தொழிலும் ஆயிரமாயிரம் பேரின் பிழைப்பும் அதனைச் சார்ந்து வளர்ந்தன. பயன் நகர் முழுமைக்கும் பகிரப்பட்டது. இழப்பு மட்டும் வடக்கேயிருந்த குப்பங்களின்மேல் குவிந்தது என்பதே இங்கு எண்ணிப்பார்க்கத்தக்கது.

பஞ்சம் வெட்டிய கால்வாய்

கரைக்கு இணையாக உள்ளே ஓடும் பக்கிங்காம் கால்வாயின் கதை வேறுவகையானது. 1806இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டிய தனியார் கால்வாயாக அது தொடங்கிற்று. பின்னர் அரசின் கைக்கு வந்து வடக்கும் தெற்குமாக நீண்டது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்வழி உருவாயிற்று. கரையோரக் கழிகளையும் காயல்களையும் அது கோத்துச் சென்றது.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பசியால் நகருக்கு ஓடிவந்த மக்கள் கூலிக்கு மண் சுமந்தனர். கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் எதிலும் இல்லை. நெல்லும் உப்பும் சுண்ணாம்புச் சிப்பியும் ஸ்ரீஹரிகோட்டா விறகும் அதில் நகருக்கு வந்தன. பாரதிதாசன் தம் 'மாவலிபுரச் செலவு' பாடலில் பாடியது இக்கால்வாயில் தோணியேறிச் சென்ற பயணத்தையே. அப்பாடலைப் படிக்கும் இன்றைய இளைஞர், மயிலாப்பூரில் தாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் சாக்கடை அதுவென அறிந்தால் வியப்படைவர்.

1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. சாலையும் இரயிலும் அதன் சரக்கைப் பறித்துக்கொண்டன. நகரின் கழிவுநீர் அதனுட் பாய்ந்தது. இறுதியாகப் பறக்கும் இரயிலுக்குத் தூண் ஊன்ற இடம் தேடியபோது, நிலம் கையகப்படுத்தும் தொல்லையற்ற வழியாகக் கால்வாய் தென்பட்டது. 1995இல் சேப்பாக்கம் வரையும், 1997இல் திருமயிலை வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் இரயில் ஓடிற்று. நீர்வழியின் நடுவே தூண்கள் நின்றன. ஒரு போக்குவரத்துப் பாதையின்மேல் மற்றொரு போக்குவரத்துப் பாதை ஏறிய கதை இது. வெள்ளநீருக்குக் கடலை அடையும் வழி குறுகிற்று. 2004 ஆழிப்பேரலையின்போது இக்கால்வாய் பல இடங்களில் கடல்நீரை உள்வாங்கி, அப்பாலிருந்த ஊர்களுக்கு ஓரளவு காப்பாயிற்று. பயனற்றதென்று தள்ளப்பட்ட நீர்வழி அன்று ஒருமுறை தன் பயனை நினைவூட்டியது.

கழியும் சதுப்பும்

நகரின் தெற்கெல்லையில் பள்ளிக்கரணைச் சதுப்பும் வடக்கெல்லையில் எண்ணூர்க் கழியும் இருந்தன. மழைநீரை ஏந்திச் சிறிதுசிறிதாகக் கடலுக்கு விடுவது அவற்றின் தொழில். பள்ளிக்கரணை நீர் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயை அடைந்து முட்டுக்காட்டுக் கழியிற் கலக்கும். அச்சதுப்பு குப்பைமேடாகவும் சாலையாகவும் அடுக்குமாடிக் கட்டடமாகவும் சுருங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை மூழ்கியபோது, நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்ததைப் பலர் முதன்முறையாக உணர்ந்தனர். 2007இல் 317 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியாக்கப்பட்டதும், 2022இல் இச்சதுப்பு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதும் நற்செய்திகள், காலந்தாழ்ந்து வந்தவையும்கூட.

எண்ணூருக்கு அத்தகைய நற்செய்தி அரிது. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் அக்கழியில் இறாலும் நண்டும் மடவையும் விளைந்தன. பழவேற்காடு வரையுள்ள இந்நீர்ப்பரப்பில் மீனவர் 'பாடு' என்னும் முறையை வகுத்திருந்தனர். எவ்விடத்தில் எந்நாளில் எவர் வலையிடுவது என்பது முறைவைத்துப் பகிரப்பட்டது. இருளர் குலப் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லாற் கவ்விக்கொண்டு கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்தனர். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. நகரின் விளக்குகள் எரிந்தன. சாம்பல் கழியில் படிந்தது. 2001இல் எண்ணூரிலும் அடுத்த பத்தாண்டுகளில் காட்டுப்பள்ளியிலும் புதிய துறைமுகங்கள் இயங்கலாயின. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதன் சாம்பல் மூடப்படவில்லை.

அதே 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் எண்ணூர் அருகே மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய எண்ணெயை மீனவரும் தொண்டரும் வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியை அடைந்தது. படகும் வலையும் கருத்தன. ஒருகாலத்தில் நெல்லும் உப்பும் சுமந்த நீர் எண்ணெய் சுமந்தது. இவற்றுக்கிடையே, 2017இல் கபேர் வாசுகி எழுத டி. எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடல் எண்ணூரைப் பொருளாகக் கொண்டு வெளிவந்தது. வசையாகிப்போன அச்சொல்லுக்கு, எல்லார்க்கும் உரிய நிலம் என்னும் பழம்பொருளை அப்பாடல் மீட்டுத் தர முயன்றதை இலக்கிய அன்பர் மறத்தலாகாது.

சட்டம் வரைந்த கோடு

கடற்கரையைக் காக்கும் எண்ணம் அரசுக்கு எழாமலில்லை. 1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், அலை எட்டும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டார். 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. 2011இல் அது மாற்றியமைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள ஊரகப் பகுதிகளில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது.

இச்சட்டத்தின் அளவுகோல் கடலிலிருந்து நிலத்தை நோக்கிச் செல்வது. மணலோ கரை நெடுகச் செல்வது. துறைமுகம் நீர்முனையின்றி அமையாது என்பதால் அதற்கு இசைவு உண்டு. அதன் சுவர் பத்துக் கல் தொலைவிலுள்ள குப்பத்துக்கு என்ன செய்யும் என்பதை 500 மீட்டர்க் கோடு அறியாது. கடும் அரிப்புள்ள கரைப்பகுதிகளை வரையறுக்க வேண்டுமென 2011ஆம் ஆண்டு அறிவிக்கை கூறியது இக்குறையை ஓரளவு உணர்ந்ததனாலேயே. எனினும் 1875இல் இராயபுரம் கேட்டிருக்க வேண்டிய வினாவை, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தின்போது பழவேற்காட்டு மீனவர் எழுப்பவேண்டியிருந்தது. சென்னையில் நிகழ்ந்ததை அறிந்தவர் அவர், ஆதலால் அஞ்சினர்.

புதுச்சேரியின் பாடமும் அருகிலேயே உள்ளது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் எழுந்த துறைமுகச் சுவர்களால் நகரின் அழகிய மணற்கரை சில ஆண்டுகளில் கல்லரணாயிற்று. 2018இல் கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் மணல் ஓரளவு திரும்பிற்று. மறித்த மணலை வாரி மறுபுறம் சேர்ப்பது, அலையின் விசையைக் கடலிலேயே தணிப்பது போன்ற வழிகள் உள்ளன. அவற்றுக்கு ஆண்டுதோறும் பொருள் செலவாகும். அச்செலவைத் துறைமுகத்தின் செலவாகக் கொள்ளாதவரை குப்பத்து மக்கள் தம் வீட்டால் அதனைச் செலுத்திக்கொண்டிருப்பர்.

சென்னை அடையாற்று முகத்துவாரத்தருகே சீர்குலைந்து கிடந்த கழிநிலத்தை மீட்டு 2011இல் திறந்த பூங்காவுக்குத் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயரிட்டனர். நிலத்தையும் பொழுதையும் வாழ்வின் முதற்பொருளாக வைத்த நூலின் பெயர் ஒரு கழிக்குப் பொருத்தமானதே. அப்பெயரின் பொருள் பூங்காவின் மதிலோடு நின்றுவிடுதல் தகாது. நெய்தலைப் பாடும் கவிஞர், திருவல்லிக்கேணி மணலில் அமர்ந்து நிலவை நோக்கும்போது, அம்மணல் எங்கே செல்ல இருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இனிக் கட்டப்படும் ஒவ்வொரு சுவருக்கும் முன் அவ்வினாவைக் கேட்டு, விடை கண்டபின் கல்லை இடுவதே, வடகரை மக்களுக்கு இந்நகரம் செலுத்தவேண்டிய பழங்கடனின் முதற்பகுதியாகும்.